பூங்கோதை எழுந்து நின்ன அன்னைக்கு

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கட்டுமாம்மா? பஸ்ஸு பங்க்குக்குள்ள திரும்புது. டீசல் போட்டு முடிச்சதும் தெறந்து விட்டுர்றேன். ஒண்ணுமில்ல, அந்த வாடை எனக்கு ஆகாது. முன்னெல்லாம் அப்படி இல்ல, இப்ப ரெண்டு வருசமாத்தான்.

நீங்க எதுவரைக்கும்? பெரம்பலூரேவா? நல்லதாப் போச்சு. நான் பெரம்பலூர்ல எறங்கி டவுன் பஸ் புடிக்கணும். கல்லேரிப்பட்டி. கேள்விப்பட்டிருப்பீங்களே, கெணத்துல பெட்ரோல் பத்திக்கிட்ட ஊரு. ஆமாம்மா, டிவியில போட்டாங்களே, அதேதான். அந்தக் கெணறு எங்க கெணறுதான்.

டிவிக்காரங்க பாதிதாம்மா போட்டாங்க. கெணறு எரிஞ்சதக் காட்டுனாங்க. பங்க்குல சனங்க வரிசையா வண்டியத் தள்ளிக்கிட்டு நின்னதக் காட்டுனாங்க. கூடவே இருந்து என்னைக் காட்டிக் குடுத்தவளக் காட்டலியே. அதை யாரு காட்டுவா?

பூங்கோதைன்னு பேரு. எங்கொழுந்தன் தங்கவேலு பொண்டாட்டி. என் வீட்டுக்காரரு தவறிப் போனப்பறம் அவங்க ரெண்டு பேருந்தான் எனக்குத் தொணை, அத இல்லைங்கல. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. கெணறு பொது. வெங்காயக்காடு அடுத்தடுத்து. அவ கல்யாணமாகி வந்தப்ப சோறு வடிக்கத் தெரியாது. கஞ்சியோட சேத்துச் சோத்தையும் கீழ ஊத்திட்டு அழுதுக்கிட்டு நின்னா. நாந்தான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன். அக்கா அக்கான்னு பின்னாடியே திரிஞ்சவ. அவதான் ஊரு முன்னாடி எழுந்து நின்னா.

இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன். இல்லேன்னா உங்களுக்குப் புரியாது.

நான் எங்க ஊர்ல வார்டு மெம்பரு. மொத தடவ ஜெயிச்சப்பத்தான் குழாய் போட வந்தாங்க. மெட்ராஸ்லேர்ந்து தெக்க போற பெட்ரோல் குழாய். பூமிக்கடியில போகும், மேல நீங்க பாட்டுக்கு வெள்ளாம வெக்கலாம்னாங்க. ஊரே கூடாதுன்னுச்சு. நாளைக்கு ஒடைஞ்சா என்னா பண்றதுன்னு தங்கவேலுகூடக் கேட்டான். நானும் முடியாதுன்னுதான் இருந்தேன், சுதர்சன் தம்பி வர்ற வரைக்கும்.

கம்பெனி இன்ஜினியரும்மா அது. மத்த ஆபீசருங்க ஜீப்ப விட்டு எறங்காமப் பேசுவாங்க. தம்பி அப்படி இல்ல. செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து தரையில உக்காந்துச்சு. "அக்கா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல"ன்னுச்சு. பழைய சோறும் வெங்காயமுந்தான் இருந்துச்சு. வேணாம்னு சொல்லும்னு பாத்தா, ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சு. எனக்குக் கூடப் பொறந்த ஆம்பளப் புள்ள கெடையாதும்மா. எங்கப்பாவுக்கு நாலும் பொண்ணு. என்னை ஒரு ஆம்பள அக்கான்னு கூப்புட்டு, என் சோத்தக் கேட்டுச் சாப்பிட்டது அதான் மொத தடவ. நான் வீடு வீடாப் போயி பேசுனேன். தம்பி நம்ம புள்ள மாதிரி, ஒண்ணும் ஆவாதுன்னேன். எல்லாரும் சரின்னாங்க.

அப்பறம் எம்மவ இளவரசி கல்யாணம். தாய்மாமன் சீருக்கு ஆளில்லையேன்னு நான் கலங்கிக்கிட்டு இருக்கேன், தட்டு வரிசையோட வந்து எறங்குச்சும்மா தம்பி. பட்டுப்பொடவ, மால, பழம். வேற சாதிதான், ஆனா மாமன் நிக்கற எடத்துல வந்து நின்னுச்சு. போட்டோவுல இருக்கு. அன்னைக்கி எங்க ஊர்ல எனக்கு இருந்த மதிப்ப நீங்க பாத்திருக்கணும். பூங்கோதைதான் ஆரத்தி எடுத்தா. அவ மட்டும் அத சார்னுதான் கூப்புடுவா. தம்பின்னு கூப்புடுடின்னா, "அவரு ஆபீசருக்கா"ம்பா. அப்பவே அவ மனசுல ஏதோ இருந்திருக்கு.

அதுக்கடுத்த மாசி மாசம் கெணத்துத் தண்ணி வாடையடிச்சுச்சு. ஒல வெச்சா பங்க்குல நிக்கற மாதிரி இருக்குது. பூங்கோதைதான் மொதல்ல சொன்னா. "அக்கா, எருமை தண்ணியில மூக்க வெச்சுட்டுத் திரும்பிக்கிருச்சு, வந்து பாருங்க"ன்னா. நான் உடனே தம்பிக்கு ஃபோன் போட்டேன். எனக்குக் காதுல வெச்சா சரியாக் கேக்காது, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன். பூங்கோதை பக்கத்துல நிக்கறா.

"மோட்டார் கிரீஸா இருக்கும்க்கா. ரெண்டு நாள் எறச்சு விடுங்க, சரியாப் போயிரும்"னுச்சு தம்பி.

பூங்கோதை என் மொகத்தப் பாத்தா. "கிரீஸு வாடை இப்படியா அடிக்கும்?"னா. படிச்ச புள்ள சொல்லுது, உனக்கு ரொம்பத் தெரியுமோன்னேன். இருந்தாலும் குடிக்கறதுக்கு மட்டும் கோயில் பைப்புல புடிச்சுக்கன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா? அதை எல்லாரும் மறந்துட்டாங்க.

வாடை போகல. கூடிக்கிட்டே வந்துச்சு. தண்ணி பாஞ்ச பாத்தியெல்லாம் வெங்காயத்தாள் வெந்த மாதிரி சாஞ்சிருச்சு. நான் மறுபடி ஃபோன் போட்டேன். அப்ப நான் தனியாக் காட்டுல நின்னேன். வெங்காயத்தாள் சாஞ்சதச் சொன்னேன். தம்பி கொரலே மாறிப் போச்சு.

"அக்கா, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். போன வருசம் ஓடைக்குப் பக்கத்துல குழாய்ல ஒரு ஒட்டுப் போட்டோம். நாந்தான் சரியா இருக்குன்னு சொன்னேன். அது விட்டுருச்சுன்னு மேல தெரிஞ்சா என் வேலையே போயிரும். கொஞ்சம் பொறுத்துக்குங்க, நான் ஆளக் கூட்டியாந்து சத்தமில்லாம சரி பண்ணிர்றேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க. உங்களத்தாங்க்கா நம்பியிருக்கேன்."

உங்களத்தான் நம்பியிருக்கேன்னு ஒரு ஆபீசர் சொல்லுது. எந்த அக்காளுக்குத்தாம்மா மனசு எளகாது? பூங்கோதை என்னா சொன்னாருன்னு கேட்டா. வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க, ஒண்ணும் இல்லையாம்னு சொல்லிட்டேன். அவ நிம்மதியா இருக்கட்டும்னுதான்.

அந்த வாரந்தான் பெரம்பலூர்ல பெட்ரோல் இல்லாமப் போச்சு. ஞாபகம் இருக்குதா? எல்லா பங்க்குலயும் கயிறு கட்டி, ஸ்டாக் இல்லைன்னு அட்டை தொங்கவிட்டாங்க. குழாய்ல எங்கியோ அழுத்தம் கொறையுதுன்னு கம்பெனி லைனையே நிறுத்திட்டு எடம் தேடிக்கிட்டு இருந்திருக்கு. எங்க பக்கமெல்லாம் நல்லா இருக்குதுன்னு தம்பி சொல்லிட்டதால வடக்க எங்கியோ தோண்டிப் பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சது. ஊருக்குள்ள லாரி ஸ்ட்ரைக்குன்னு ஒருத்தன் சொல்றான், பங்க்காரனுங்க பதுக்கிட்டானுங்கன்னு ஒருத்தன் சொல்றான். பால் வண்டி வரல, பால வீட்லயே தயிராக்கித் தெருவுக்குக் குடுத்தாங்க. வெங்காயம் மூட்ட மூட்டையாக் களத்துல கெடக்குது, எடுத்துட்டுப் போக வண்டியில்ல. டீக்கடையில உக்காந்து ஆளாளுக்குப் பேசறத நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். எல்லாரும் காரணம் தெரியாம முழிக்கறாங்க, எனக்கு மட்டும் தெரியும். கலெக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். சொல்லிரலாமான்னு நாக்கு வரைக்கும் வரும். ஆனா வாக்கு குடுத்திருக்கேனே. நான் வாக்கு மாறாதவம்மா.

ஒருநாள் காலையில தங்கவேலு வந்தான். "அண்ணி, மீதி இருக்கற பாத்தியும் காயுது. மோட்டார் போடட்டுமா? வாடை தூக்கலா இருக்குதே"ன்னான்.

போடு, தம்பி பாத்துக்கறேன்னு சொல்லியிருக்குன்னேன்.

நீங்களே சொல்லுங்கம்மா. பெட்ரோல்னா தீக்குச்சி கிழிச்சாத்தான பத்தும்? மோட்டார் ரூம்புல சுச்சு போட்டாப் பத்தும்னு எனக்கு யாராச்சும் சொன்னாங்களா? தம்பி அதை மட்டும் சொல்லல. வேல நெருக்கடியில மறந்திருக்கும்.

நான் சாணி தெளிச்சுக்கிட்டு இருந்தேன். மொதல்ல சத்தம். அப்பறம் பாத்தா காட்டுல ஒரு தென்னை ஒசரத்துக்குத் தீ நிக்குது. கெணத்துக்குள்ளேர்ந்து வருதும்மா தீ. தண்ணி மேல தீ எரியறத நீங்க பாத்திருக்க மாட்டீங்க. தங்கவேலு ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கிட்டே வரப்புல நடந்து வர்றான். ஓடல, நடந்து வர்றான். பூங்கோதை சாக்கத் தூக்கிக்கிட்டு ஓடுனா. அவ கத்தல. சாக்க அவன் மேல போட்டு அணைச்சுப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, வண்டி, வண்டி"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தா.

வண்டிக்கு எங்க போறது? நூத்தியெட்டுக்கு ஃபோன் போட்டா, பக்கத்துல வண்டியில்ல, நேரமாகும்னாங்க. தெருக்கோடியில ஆட்டோ வெச்சிருக்கற நல்லேந்திரன் ஓடியாந்தான். "டேங்க்ல சொட்டு இல்லீங்க"ன்னு தலையில அடிச்சுக்கிட்டான். அவன் டேங்க்கத் தெறந்து காட்டுறான், அவன் முதுகுக்குப் பின்னால எங்க கெணத்துல பெட்ரோல் எரியுது. கடைசியில பக்கத்து ஊர் டிராக்டர் ஒண்ணுல கொஞ்சம் டீசல் இருந்துச்சு. வாழையெலைய விரிச்சு அதுல கெடத்தி, பூங்கோதை அவன் தலைய மடியில வெச்சுக்கிட்டுப் போனா. நானும் ஏறப் போனேன். எடமில்லாமப் போச்சு.

உசுரு தப்புச்சு. மொகத்துல பாதியும் ரெண்டு கையும் போச்சு. கை இருக்குது, வெரலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிருச்சு. டம்ளரப் புடிக்க முடியாது.

தீ எரிஞ்ச அன்னைக்கே கம்பெனிக்காரங்க படையாட்டம் வந்துட்டாங்க. எடம் தெரிஞ்சு போச்சுல்ல. ஓடைப் பக்கம் தோண்டி, குழாய மாத்தி, மூணாம் நாளு பங்க்கெல்லாம் தெறந்தாச்சு. டவுன்ல பட்டாசு வெடிச்சாங்களாம். தம்பி மட்டும் ஃபோன எடுக்கல. பாவம், எவ்வளவு பேருக்கு அது பதில் சொல்லணும்.

அப்பறம் பள்ளிக்கூடத்துல வெச்சு விசாரணை. ஆர்டிஓ வந்திருந்தாரு, பொறுமையான மனுசன். தங்கவேலு மொத வரிசையில உக்காந்திருக்கான். ரெண்டு கையிலயும் கட்டு. மடியில துண்டப் போட்டு, அதும்மேல கைய வெச்சிருக்கான், யாரோ பாத்துக்கன்னு குடுத்துட்டுப் போன பொருள் மாதிரி. பூங்கோதை அவம் பக்கத்துல.

தம்பி எழுந்து பேசுச்சு. எளைச்சுப் போயிருந்துச்சு. "சார், ஊர்லேர்ந்து எங்களுக்கு எந்தத் தகவலும் வரல. வந்திருந்தா அன்னைக்கே வந்து பாத்திருப்போம். சனங்களும் கொஞ்சம் பொறுப்பா இருந்திருக்கணும்"னுச்சு.

என் பக்கம் அது திரும்பவே இல்ல. பாத்திருந்தா அப்படிச் சொல்லியிருக்காதும்மா. யாரோ சொல்லிக் குடுத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்த மாதிரிதான் பேசுச்சு. எனக்குத் தெரியாதா?

ஆர்டிஓ கூட்டத்தப் பாத்தாரு. "ஊர்ல ஒருத்தருக்குமா சொல்லத் தோணல?"ன்னாரு.

அப்பத்தான் பூங்கோதை எழுந்து நின்னா.

"சொன்னோங்க. எங்க அக்காதான் ஃபோன் பண்ணாங்க. நான் பக்கத்துல நின்னேன். இந்த சார்தான் பேசுனாரு. கிரீஸா இருக்கும், எறச்சு விடுங்கன்னாரு. அக்கா அப்பறமும் அவருக்குப் பேசுனாங்க. எங்க அக்கா மேல தப்பில்லைங்க."

பள்ளிக்கூடமே திரும்பி என்னைப் பாக்குது. ஒடம்பெல்லாம் கூசிருச்சு எனக்கு. இவளை யாரு கேட்டா? எழுந்து நிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாளா? அவ சொன்னது நெசமாயிட்டா, ரெண்டாந்தடவ ஃபோன்ல என்னா பேசுனேன்னு தோண்ட மாட்டாங்களா, தெரிஞ்சுதான் நான் வாயத் தெறக்கலன்னு ஆயிராதா? தம்பி பொழப்பு போயிராதா? எல்லாத்தையும் சபையில கொண்டாந்து கொட்டிட்டா.

ஆர்டிஓ எங்கிட்டக் கேட்டாரு. "உண்மையாம்மா? நீங்க இவருக்குத் தகவல் சொன்னீங்களா?"

தம்பி இப்பவும் குனிஞ்சுதான் இருந்துச்சு. கழுத்து மட்டும் தெரியுது. பழைய சோறு சாப்பிடறப்ப குனிஞ்சிருந்த அதே கழுத்தும்மா.

நான் சொன்னேன்: "பேசுனேங்க. குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கப் பேசுனேன்."

"கெணத்தப் பத்தி?"

"ஞாபகம் இல்லைங்க."

பூங்கோதை உக்காரல. நின்னுக்கிட்டே இருந்தா. "அக்கா"ன்னா. சத்தமாக்கூட இல்ல. வீட்ல செவுத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கூப்புடுவாளே, அந்த மாதிரி. நான் திரும்பல. தங்கவேலுதான் அந்தக் கட்டுக் கையால அவ முழங்கையத் தொட்டு, உக்காருன்னான்.

அவ சொன்னது பொய்யின்னு முடிஞ்சு போச்சு. ஊர்லேர்ந்து தகவல் இல்ல, கவனமில்லாம மோட்டாரப் போட்டதால விபத்துன்னு சொல்லிட்டாங்க. தங்கவேலுக்குக் கம்பெனியில ஏதோ வேல தர்றதா பேச்சிருந்துச்சு, அதும் நின்னு போச்சு. தம்பிய சேலத்துக்கு மாத்திட்டாங்க. நல்ல பதவிதான். நான் காப்பாத்திட்டேன்ல. அந்த ஒரு திருப்திதான் எனக்கு.

நீங்களும் அதையேதான் சொல்றீங்க. அவ உங்களுக்காகத்தான பேசுனான்னு. எம்மவளும் அதத்தான் சொல்றா. "அம்மா, சின்னம்மா உன்னத் தூக்கி விடத்தான் எழுந்து நின்னாங்க. நீ சித்தப்பா கையப் பாத்துக்கிட்டே இல்லைன்னு சொன்ன"ங்கறா. அவளுக்கு என்னா தெரியும்? சபையில பேர இழுத்தது இழுத்ததுதான. வீட்டு விசயத்த வீட்ல பேசியிருக்கலாமே.

அன்னைக்கிலேர்ந்து அவ என்னை அக்கான்னு கூப்புடறதில்ல. சண்டையும் போடல. சண்டை போட்டாக்கூடப் பரவால்லம்மா, ரெண்டு வார்த்த நானும் கேட்டிருப்பேன். காடு கருகிப் போயி கெடக்குது. அவ அடுத்த ஊருக்குக் களையெடுக்கப் போறா. காலையில தங்கவேலுக்கு ஊட்டி விட்டுட்டுப் போவா. செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். "ஆ காட்டுங்க, இன்னொரு வாய்"னு சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுவா. நான் ரேடியோவச் சத்தமா வெச்சுக்குவேன்.

சேலத்துல என்னா வேலைன்னு கேட்டீங்கல்ல. சொல்றேன். எம்மவ புள்ளைக்கு வர்ற வெள்ளிக்கெழம காது குத்து. மாமன் மடியில வெச்சுத்தான குத்தணும்? எம்மவளுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. பூங்கோதை மவன் மணிமாறன் திருப்பூர்ல வேல பாக்கறான். சித்தப்பா மவன், தம்பி மொறதான். மொறப்படி பாத்தா அவன் மடிதான். எம்மவ அவந்தான் உக்காரணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. எனக்கு மனசு ஒப்பல. கல்யாணத்துக்கு மாமனா வந்து நின்ன மனுசன் இருக்கறப்ப இன்னொருத்தன் எதுக்கு? அதான் வெத்தல பாக்கு, பழமெல்லாம் தட்டுல வெச்சு எடுத்துக்கிட்டு நேர்ல அழைக்கப் போனேன்.

நல்ல வீடும்மா. மாடி வீடு. அதோட சம்சாரம் வந்து கதவத் தெறந்துச்சு. கல்லேரிப்பட்டி அக்கா வந்திருக்கேன்னு சொல்லும்மான்னேன். அது உள்ள திரும்பிக் கேட்டுச்சு. உள்ளேர்ந்து சத்தம் வருது. "இல்லைன்னு சொல்லி அனுப்பு. இவங்கள்லாம் ஒரு தடவ உள்ள விட்டா அப்பறம் வந்துக்கிட்டே இருப்பாங்க."

தம்பி கொரல் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அதோட அண்ணன் தம்பி யாராச்சும் வந்திருக்கலாம். ஒரே கொரலா இருக்கறது உண்டுல்ல. அந்தப் புள்ள மொகம் செவந்து போச்சு. "அவரு ஊர்ல இல்லீங்க"ன்னுச்சு. தட்ட மட்டும் வாங்கி, பழத்த எடுத்துக்கிட்டு, தட்டத் திருப்பிக் குடுத்துச்சு. தண்ணி குடிக்கறீங்களான்னு கேட்டுச்சு. வேணாம்னுட்டேன்.

ஆத்தூர்ல பஸ்ஸு நின்னப்ப எம்மவ ஃபோன் பண்ணா. மாமன் என்னா சொன்னாருன்னு கேப்பான்னு பாத்தா, கேக்கவேயில்ல. "அம்மா, மணிமாறன் லீவு சொல்லிட்டு வியாழக்கெழமையே வந்துர்றான். சின்னம்மா புள்ளைக்குத் தோடு செஞ்சுட்டாங்க"ன்னா. தோட்டுக்குத் தங்கம் ஏதுடி அவகிட்டன்னேன். தாலிக்கொடியில கோத்திருந்த குண்டு ரெண்டையும் கழட்டிக் குடுத்து அடிச்சிருக்காளாம்மா.

பாத்தீங்களா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நான் அழைக்கவேயில்ல, அதுக்குள்ள தோடு செய்யறா. ஊரு நாலு பேரு பாக்கணும்னுதான செய்யறா? அழைக்காத வீட்டுக்கு எப்படி வருவான்னு கேட்டேன். "நீ அழைக்க வேணாம்மா, அவங்க புள்ளைக்குச் சின்ன ஆயா, அவங்களா வருவாங்க"ன்னுட்டு வெச்சுட்டா.

சபையில என்னைக் காட்டிக் குடுத்தவ மவன் மடியில எம்பேரன எப்படிம்மா உக்கார வெப்பேன்? நீங்க சொல்லுங்க. நீங்க ஜன்னலுக்கு வெளிய பாக்கறீங்க. சேலத்துக்குப் போற பஸ்ல ஒரு அம்மா, அவங்களும் இப்படித்தான் வெளியவே பாத்துக்கிட்டு வந்தாங்க.

உக்கார வெச்சுத்தான் ஆவணும்போல. எனக்குத் தெரிஞ்ச வேற மடி எங்கம்மா இருக்குது?